மேலாளர் இல்லாத குழு

ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருந்து பிரியும் ஒரு சந்தில் என் ஸ்கூட்டரை விடும் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றால் எட்டடி ஷட்டர்தான். மீதி வேலையெல்லாம் நடைபாதையில். போன மழைக்காலத்தில் ஒருநாள் இரவு முழுக்க நனைந்த வண்டி மறுநாள் காலை முரண்டு பிடித்தது. சாவியைத் திருகினால் மஞ்சள் இன்ஜின் விளக்கு நீளமாகவும் குட்டையாகவும் மாறி மாறிச் சிமிட்டியது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

மெக்கானிக் வண்டியைத் தொடவில்லை. போனை எடுத்தார். சிமிட்டும் விளக்கை இருபது விநாடி வீடியோ எடுத்தார். ஏதோ ஒரு குழுவில் போட்டு, குரல்பதிவு ஒன்றும் அனுப்பினார்: “அண்ணே, மழையில நின்ன வண்டி. லைட்டு இப்படி அடிக்குது. மொதல்ல எதைப் பாக்கறது?” டீ வந்தது. நான் பாதி குடிப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது. மதுரைக்காரர் ஒருவர் சிமிட்டலை எண்ணி, அது எந்த சென்சாருக்கான கணக்கு என்று சொல்லியிருந்தார். அம்பத்தூர்க்காரர் இன்னொருவர், “சென்சாரை மாத்தச் சொல்லி கஸ்டமரைப் பயமுறுத்தாத. கப்ளரைக் கழட்டிப் பாரு, தண்ணி போயிருக்கும்” என்றார். வயர்களை இணைக்கும் அந்த முனையை மெக்கானிக் கழற்றினார். உள்ளே பித்தளை முள்ளில் பச்சைக் களிம்பு. ஸ்ப்ரே அடித்துத் துடைத்து மாட்டியதும் விளக்கு அணைந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். என்னிடம் காசு வாங்குவதற்கு முன்னால் அவர் அந்தக் களிம்புபிடித்த கப்ளரின் படத்தைக் குழுவில் போட்டு, “இதான் பிரச்சன, சரியாயிடுச்சு” என்று எழுதினார். “நாளைக்கு வேற எவனுக்காவது இதே வரும் சார்” என்றார் என்னிடம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புதிய வண்டிகளுக்கு பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. காதால் கேட்டு, திருகை அரைச்சுற்று முறுக்கி டியூன் செய்த கை, ஒரே வருடத்தில் பழைய கையாகிவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. சந்துப் பட்டறைகளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. நிறுவனம் இல்லாததால் அவர்களே போனுக்குள் ஒரு நிறுவனத்தைக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பயிற்சித் துறை இல்லை, பாடத்திட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதோடு ஒப்பிட, நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் ‘ஆன்லைன் பயிற்சி’யைச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தீத்தடுப்புப் பாடம். மின்னஞ்சலில் சுட்டி வரும். நாற்பது நிமிட வீடியோ. வேகமாக ஓட்டிப் பார்க்க விடாது. எனவே எல்லோரும் ஒலியை அணைத்து ஒரு மூலையில் ஓடவிட்டு, தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். கடைசியில் பத்துக் கேள்வி, எட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. முதலில் முடித்தவர் விடைகளைத் திரையோடு படம் எடுத்து அனுப்பிவிடுவார். 1-பி, 2-டி, 3-ஏ. அந்த நிறுவனம் பணம் கட்டி வாங்கிய பயிற்சியில் நடந்த ஒரே கூட்டுக் கற்றல் அதுதான். எல்லோரும் நூற்றுக்கு நூறு. எங்கள் மாடியில் தீயணைப்பான் எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் முழித்திருப்போம்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்றலுக்கு ஒரு பங்கு பிரித்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் தேறுவது கால் பங்கு. உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தோம். நம் அலுவலகங்கள் வாங்கும் பயிற்சி மென்பொருள்கள் அந்த முதல் காலோடு நின்றுவிடுகின்றன. அந்தக் காலிலும் ஆசிரியர் கிடையாது, பதிவு செய்த குரல்தான். அதை நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது.

தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ் தளத்துப் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, 2017-18-ல் சேர்ந்தவர்களில் 3.13 விழுக்காட்டினரே பாடத்தை முடித்தார்கள் என்று சொன்னது. உலகத்தின் நல்ல பேராசிரியர்கள், நல்ல வீடியோ, இலவசம். ஆனாலும் நூற்றுக்கு மூன்று பேர். பக்கத்தில் உட்கார்ந்து “இது புரிஞ்சுதா உனக்கு?” என்று கேட்க ஆள் இல்லாத வகுப்பு அப்படித்தான் காலியாகும்.

நிறுவனங்களுக்குள் இப்படிக் கேட்டுக்கொள்ளும் ஆள் இல்லையா? இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கும். ஒன்று மேலாளர் இருக்கும் குழு. காலை ஒன்பதே முக்காலுக்கு அதில் ஒரு சுற்றறிக்கை விழும். அதன் கீழே வரிசையாக ‘நோட்டட் சார்’, ‘ஓகே சார்’, ‘ஷ்யூர் சார்’, நடுவில் ஒரு கும்பிடு. சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தி யாருக்கும் புரிந்திருக்காது. யாரும் கேட்க மாட்டார்கள். பத்து நிமிடம் கழித்து மேலாளர் இல்லாத குழு விழித்துக்கொள்ளும். “அந்த மூணாவது பாரா யாருக்காவது புரிஞ்சுதா?” “போன வருஷ ஃபார்மட்தானா, புதுசா?” “போர்ட்டல்ல சேவ் பண்ணா எர்ரர் வருது, உங்களுக்கும் வருதா?” “அக்கா, அதுக்கு முன்னாடி பின்கோடு அடிக்கணும், இல்லன்னா எடுத்துக்காது.” மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். மேலாளர், தன் சுற்றறிக்கை தெளிவாக இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நிறுவனத்தின் உண்மையான பயிற்சிக்கூடம் இந்த இரண்டாவது குழுதான். அதற்கு நிர்வாகத்தின் கணக்கில் ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது. அப்படி ஒன்று இருப்பதே நிர்வாகத்துக்குத் தெரியாது, தெரிந்தால் வம்பளக்கும் இடம் என்று நினைக்கும். (வம்பும் உண்டு. வம்பு இல்லாத இடத்தில் யார் கேள்வி கேட்பார்கள்?) முதல் குழுவில் கேள்வி கேட்பது, எனக்கு இது தெரியாது என்று எழுத்துமூலம் ஒப்புக்கொள்வதாகிவிடும். மார்ச்சில் அப்ரைசல் வருகிறது. தெரியாது என்று சொன்னவருக்கு அதில் மார்க் எங்கே?

தெரியாததைத் துணிந்து கேட்டவரைப் பற்றி, பட்டறை இருக்கும் அதே ராயப்பேட்டையோடு ஒட்டிய ஒரு பழைய கதை இருக்கிறது. அரசு ராயப்பேட்டை மருத்துவமனை 1911-ல் திறக்கப்பட்டபோது அதன் முதல் கண்காணிப்பாளராக வந்தவர் லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். இன்று அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மெட்ரோ வேலையின் தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால் போதும் என்றுதான் இருப்பார்கள். ஆனால் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இவர் பெயரைப் படிக்கிறார்கள். காலா அசார் என்ற நோயின் கிருமிக்கு அவர் பெயர்தான்: லீஷ்மேனியா டோனவனி.

1903. டோனவன் அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர், பொது மருத்துவமனையில் மருத்துவர். விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல். மலேரியா என்று கொயினா கொடுப்பார்கள், கேட்காது. நோயாளி இறந்துபோவார். இறந்தவர்களின் மண்ணீரலில் ஏப்ரலில் அவர் சில நுண்ணிய உருண்டைகளைப் பார்த்தார். என்னவென்று தெரியவில்லை. மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவரின் கட்டுரை வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்தில் இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் அதே உருண்டைகளைக் கண்டதாக அதில் எழுதியிருந்தார். இறந்தபின் சிதைந்த வேறொரு கிருமியாக இருக்கும் என்பது அவர் ஊகம். டோனவன் ஜூன் 17 அன்று உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் இருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதே உருண்டைகள் இருந்தன. சிதைவு என்ற ஊகம் அத்தோடு போனது. ஜூலையில் அதே இதழுக்கு எழுதினார்.

அவர் அதோடு விடவில்லை. மாதிரி தடவிய கண்ணாடித் தகடுகளைப் பொட்டலம் கட்டி, பாரிஸில் இருந்த லவரானுக்கும் லிவர்பூலில் இருந்த ரொனால்டு ராஸுக்கும் கப்பல் தபாலில் அனுப்பிவைத்தார். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர் லவரான். கொசுவால் அது பரவுவதைக் காட்டி அதற்கு முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு வாங்கியவர் ராஸ். எனக்குப் புரியாத ஒன்று இங்கே இருக்கிறது, நீங்களும் பாருங்கள் என்பதுதான் அந்தப் பொட்டலத்தின் பொருள். பட்டறையில் எடுத்த இருபது விநாடி வீடியோவுக்கும் இதற்கும் வித்தியாசம், பதில் வர மாதங்கள் ஆனது என்பது மட்டும்தான்.

பதில் வந்தபோது, லவரானின் கணிப்பும் தவறாக இருந்தது. அவர் அதை ஏற்கெனவே தெரிந்த வேறொரு கிருமிக் குடும்பத்தில் சேர்த்து, டோனவன் பெயரை வைத்தார். ராஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இது புதிய பேரினம் என்றார். முதலில் கண்டது யார் என்று லீஷ்மனுக்கும் டோனவனுக்கும் இடையே மனக்கசப்பு மூண்டிருந்தது. இருவர் பெயரையும் சேர்த்து ராஸ் அந்தக் கிருமிக்குச் சூட்டினார். மணல் ஈதான் நோயைப் பரப்புகிறது என்பது உறுதியாக 1942 வரை ஆனது. அதற்குள் சென்னையில் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்து ஆராய்ச்சி செய்த காலமும் உண்டு. தவறு செய்யாமல் யாரும் கற்கவில்லை. தவறை ஒளித்துவைக்காததால் கற்றார்கள்.

ராஸ் பெயர் சூட்டிய அந்தச் செயலில் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தெரிந்ததைப் பகிர்கிறவருக்கு முதல் கூலி அவர் பெயர்தான்.

இதைத் தொழில்முறையில் கண்டுகொண்ட நிறுவனம் ஜெராக்ஸ். 1980-களில் அங்கே ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஆட்களோடு கூடவே சுற்றினார். அவர்கள் கையில் தடித்த கையேடு இருந்தது. எந்தப் பிழை எண் வந்தால் எதைச் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு. அதில் இல்லாத பழுதுதான் தினமும் வந்தது. ஒருநாள் இயந்திரம் காட்டிய பிழை எண்ணே பொய். பழுது பார்ப்பவரும் அவருடைய மூத்தவரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, ‘அன்னிக்கு அந்த ஆபீசுல என்னாச்சு தெரியுமா’ என்று மணிக்கணக்கில் பழைய கதைகளாகப் பேசிப் பேசியே உண்மையான பழுதை எட்டினார்கள். காலை உணவிலும் அவர்களுக்கு இதே பேச்சு. நிர்வாகத்தின் கண்ணுக்கு அது நேரவிரயம். ஆர் 1996-ல் எழுதிய புத்தகத்தில், வேலையே அந்தப் பேச்சுதான் என்றார்.

அந்தப் பேச்சைக் கணினிக்குள் கொண்டுவர, 1990-களில் பிரான்சில் ஜெராக்ஸ் ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பழுது பார்ப்பவர் தான் கண்டுபிடித்த உபாயத்தை எழுதி அனுப்புவார். அதே வேலையில் இருக்கும் சகாக்கள் சரிபார்ப்பார்கள். தேறினால், எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். காசு கிடையாது, பெயர்தான். பிரேசிலில் ஒரு வண்ண நகல் இயந்திரம் எதற்கும் மசியாமல், சுமார் 40,000 டாலர் இயந்திரத்தையே மாற்றிக் கொடுக்கலாம் என்ற நிலைக்கு வந்திருந்தது. மான்ட்ரியலில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து 50 சென்ட் ஃப்யூஸ் ஹோல்டரை மாற்றினார்கள், ஓடியது. கப்ளரும் களிம்பும் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

மருத்துவத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் மருத்துவரான, இந்தியாவில் பிறந்த சஞ்சீவ் அரோரா 2003-ல் ‘எக்கோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் செய்தது, கிராமத்து மருத்துவர்களை வாரம் ஒருமுறை வீடியோவில் கூட்டியதுதான். சொற்பொழிவு குறைவு. கிராமத்து மருத்துவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், விவரிப்பார். நிபுணரும் மற்ற கிராமத்து மருத்துவர்களும் சேர்ந்து யோசிப்பார்கள். 2011-ல் முடிவு வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 விழுக்காடு, கிராமத்து மருத்துவர்களிடம் குணமானவர்கள் 58.2 விழுக்காடு. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதே முறையை மனநல சிகிச்சைக்கும் போதை மீட்புக்கும் எடுத்துக்கொண்டது.

எக்கோவுக்குத் தேவைப்பட்டது ஒரு வீடியோ இணைப்பும் வாரம் கொஞ்சம் நேரமும். அது பணி நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் இந்த இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. ‘சனிக்கிழமைக்குள் முடிக்கவும்’ என்று பாடத்தை அனுப்பிவிட்டு, வேலையில் ஒரு துளியையும் குறைப்பதில்லை. ஊழியர் இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்துகிறார். இதைக் கற்றல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்திய அரசும் பெரிய அளவில் இறங்கியிருக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று ஊழியர் பயிற்சிக்கான கர்மயோகி திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஐந்தாண்டில் 510.86 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 1,110 ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்கு. இந்தக் காசில் தளம் கட்டலாம், பாடம் ஏற்றலாம். அந்தத் தளத்தில் விவாதிப்பதற்கும் தனி இடம் வைத்திருக்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கிளார்க் அங்கே போய், தன் பெயரில், தன் துறைச் செயலர் பார்க்கும் இடத்தில், “இந்த விதி எனக்குப் புரியவில்லை” என்று எழுதும் நாள் வர மென்பொருள் மட்டும் போதாது.

மேலாளர் இல்லாத குழுவைப் புகழ்ந்துகொண்டே போவதற்கும் எனக்கு மனம் இல்லை. அங்கே தப்பும் நடக்கிறது. என் மெக்கானிக்கின் குழுவிலேயே, சென்சாரைச் சுத்தம் செய்வதற்குப் பதில் “பைபாஸ் பண்ணிடு” என்று சொல்கிறவர்கள் உண்டு. வண்டி ஓடும், புகையும் ஓடும். மருத்துவமனைப் பணியாளர்கள் சந்தேகம் கேட்க நோயாளியின் முகத்தோடு படம் போட்டுவிட்டால், 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபிறகு அது விளையாட்டில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மறதி. ஒரே கேள்வி வருடத்தில் எட்டு முறை வருகிறது. ஏழு முறை பதில் சொன்னவரே எட்டாவது முறையும் சொல்கிறார். அவர் ஓய்வுபெறும் நாளில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். அன்று இரவு அவர் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார். முப்பது வருட அனுபவம் அவரோடு போய்விடுகிறது.

இதற்காக நிர்வாகம் அந்தக் குழுவுக்குள் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்த மறுநிமிடம் மூன்றாவது குழு ஒன்று பிறக்கும். வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பணி நேரத்திலேயே விட்டுக்கொடுக்கலாம். குழுவில் பிறந்த நல்ல பதில்களை அவர்களில் ஒருவரே பொறுக்கி, நடைமுறை தெரிந்த இரண்டு சகாக்களிடம் காட்டிச் சரிபார்த்து, சொன்னவர் பெயரோடு எழுதிவைக்கலாம். அப்படிச் செய்கிறவருக்கு மற்ற வேலையில் கொஞ்சம் குறைக்கலாம். நன்னூல் சொல்லும் அந்த அரைப் பங்கு அங்கேதான் கிடைக்கும், சொல்கிறவருக்கே.

மேலாளர்களாக இருக்கும் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். வரும் திங்கட்கிழமை காலை, நீங்கள் இருக்கும் குழுவில் சுற்றறிக்கைக்குப் பதிலாக உங்களுக்கே விடை தெரியாத ஒரு சந்தேகத்தைப் போடுங்கள். ‘நோட்டட் சார்’ என்று யாராலும் பதில் போட முடியாத கேள்வியாக அது இருக்கட்டும்.